சருகுப்பைக்கு எந்த வலை? கரூர் கொசுவலை, திருப்பூர் பிரிண்டிங் மெஷ், பசுமைக்குடில் வலை: ஒரு மதிப்பீடு

காட்டில் விழுகிற இலை எத்தனை மாதத்தில் மட்குகிறது, அதிலிருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் எப்போது மண்ணுக்குத் திரும்புகின்றன என்று அளப்பதற்கு இன்றைக்கும் அதிகம் கையாளப்படுவது ஒரு சாதாரண வலைப்பைதான். சருகுப்பை என்பது இதுதான். எடை போட்ட சருகை வலைப்பைக்குள் வைத்து மூடி, காட்டுத் தரையில் கிடத்தி, சில மாதம் கழித்து எடுத்து மறுபடி எடை போடுவார்கள். போகாக், கில்பர்ட் இருவரும் 1957இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. கருவி எளிது, செலவு குறைவு, ஆனால் பையின் துணி சரியில்லை என்றால் இரண்டு வருட உழைப்பும் வீண்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நைலான் வலைகளின் விலையைப் பார்த்து மலைத்துப்போகிற ஆராய்ச்சி மாணவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கொங்கு நாடே வலை நெய்கிற, வலை விற்கிற ஊர். கரூரில் கொசுவலை, திருப்பூரில் பனியனுக்குப் பிரிண்ட் போடும் மெஷ், கோவையைச் சுற்றிப் பசுமைக்குடில் போடும் விவசாயிகள் வாங்கும் பூச்சிவலை என்று எல்லாமே பக்கத்திலேயே கிடைக்கின்றன. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ, ஆனைகட்டி சலீம் அலி மையத்திலோ, கோவை வன மரபியல் நிறுவனத்திலோ இருந்துகொண்டு ஆனைமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் பை கொண்டுபோகிறவர்களுக்காக, இந்த மூன்று வலைகளையும் சருகுப்பை என்ற ஒரே கோணத்தில் எடைபோடுகிறது இந்தக் குறிப்பு. கொசு வராமல் தடுப்பதில் எது நல்லது என்பது இங்கே பேச்சில்லை.

முதலில் வலைக்கண். பையின் கண் அளவுதான் உள்ளே யார் போகலாம் என்று தீர்மானிக்கிறது. 0.1 மி.மீட்டருக்குக் கீழே என்றால் பூஞ்சை, பாக்டீரியா, நூற்புழு போன்றவை மட்டும். 0.1இலிருந்து 2 மி.மீ வரை தத்துப்பூச்சியைவிடப் பல மடங்கு சிறிய வால்துள்ளிகளும் மண் உண்ணிகளும் நுழையும். அதற்கு மேலே மரவட்டை, மண்புழு போன்ற பெரியவை. ஆகவே 'சருகு எவ்வளவு வேகமாக மட்குகிறது' என்ற கேள்விக்கு ஒரு வலை ஒரு விடைதான் தரும். வலையை மாற்றினால் விடையும் மாறும். வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் 'மெஷ்' எண்ணை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது கண்ணின் அளவு அல்ல, இழைகளின் எண்ணிக்கை.

கணக்கு சுலபம். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை இழை என்று எண்ணி, 10 மி.மீட்டரை அதனால் வகுத்தால் ஒரு இழையிலிருந்து அடுத்த இழைக்கு உள்ள தூரம் கிடைக்கும். அதிலிருந்து இழையின் தடிமனைக் கழித்தால் கண். திருப்பூரில் துணி பார்க்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் பிக் கிளாஸ் (இழை எண்ணும் பூதக்கண்ணாடி) ஒன்று, ஒரு ஸ்க்ரூ கேஜ், இரண்டும் போதும். ரோலின் ஓரத்தில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், இரண்டு திசையிலும் எண்ண வேண்டும்.

திருப்பூர் பிரிண்டிங் மெஷ்

மூன்றில் தரம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். பனியன் துணியில் படம் அச்சடிக்கச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்களே, அந்த வெள்ளை அல்லது மஞ்சள் வலை. ஒற்றை இழை பாலியெஸ்டர், சாதா நெசவு. கண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அச்சில் மை திட்டுத்திட்டாக இறங்கும். ஆராய்ச்சிக்கென்று தனியாக விற்கிற வலையிலும் இதைவிடச் சீரான கண்ணை எதிர்பார்க்க முடியாது.

43T என்று கேட்டால் சென்டிமீட்டருக்கு 43 இழை. 10ஐ 43ஆல் வகுத்தால் 0.233 மி.மீ. இழை 0.08 மி.மீ தடிமன் என்றால் கண் ஏறக்குறைய 0.15 மி.மீ. 77T, 0.055 மி.மீ இழை என்றால் கண் 0.075 மி.மீ வாக்கில் வரும். நுண்ணுயிர் மட்டும் செய்யும் வேலையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் 77T. பொதுவான நுண்கண் பைக்கு 43T போதும், தண்ணீரும் கொஞ்சம் தாராளமாக இறங்கும். கிளிட்டர் பிரிண்டுக்கு வாங்கும் பெரிய கண் மெஷ்ஷும் கிடைக்கும். நடுத்தரக் கண் வேண்டுகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிலர் எண்ணைச் சென்டிமீட்டருக்குச் சொல்வார்கள், சிலர் இஞ்சுக்கு. 43T என்பதும் இஞ்சுக்கு 110 என்பதும் ஒரே வலைதான். 'நாற்பத்தி மூணு' என்று கேட்டு, இஞ்சுக்கு 43 இழை உள்ள வலையை வாங்கி வந்தால் இழைக்கு இழை தூரம் 0.59 மி.மீ ஆகிவிடும். மண் உண்ணிகள் குடும்பத்தோடு உள்ளே போய்வரும். "இஞ்சு கவுண்ட்டுங்களா, சென்டிமீட்டர் கவுண்ட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடையிலேயே பிக் கிளாஸ் வைத்து எண்ணிவிடுவது நல்லது.

பாலியெஸ்டரில் தழைச்சத்து கிடையாது. நைலானில் உண்டு, அது அமைடு, அதாவது தழைச்சத்து சேர்ந்த சேர்மம். ஒரு வருடத்தில் நைலான் மட்கிவிடப் போவதில்லை என்றாலும், அரைக்கும்போது வலைத்துண்டு சருகோடு கலந்துபோனால் கெல்டால் (தழைச்சத்தை அளக்கும் லேப் சோதனை) முடிவில் தழைச்சத்து கூடுதலாகக் காட்டும். பாலியெஸ்டரில் அந்தச் சந்தேகமே இல்லை. ஈரத்தையும் மிகக் குறைவாகத்தான் பிடிக்கும். புது மெஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று முறை அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். ஆலையில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கும் கையழுக்கும் போக இது போதும்.

குறை இரண்டு. விலை, ஓரம். மூன்று வலைகளில் இதுதான் விலை கூடியது. கத்தரியால் வெட்டினால் ஓரத்து இழைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். தைத்த பிறகும் தையலிலிருந்து நழுவும். இதற்கு வழி, கண்ணாடி மேல் வலையை விரித்து, இரும்பு ஸ்கேலை வைத்து, சால்டரிங் அயர்னின் கூர்முனையால் இழுத்து வெட்டுவது. வெட்டு விழும்போதே ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். முனையை மெதுவாக நகர்த்தினால் ஓரம் சுருண்டு முத்து முத்தாக நிற்கும், வேகமாக இழுத்தால் வெட்டு விழாது. நாலைந்து துண்டு வெட்டியபின் கை பழகிவிடும். புகை அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைக்கவும்.

கரூர் கொசுவலை

எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலித்தீன்) ஒற்றை இழையில் செய்த வலை. மூன்றில் விலை மிகக் குறைவு, எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், மட்காது, தண்ணீரே ஏறாது, தழைச்சத்து அறவே இல்லை. கண் பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீட்டருக்குள். ஆனைமலை மாதிரி ஈரக் காட்டுக்குச் சாதாரணச் சருகுப்பை செய்ய இது தாராளமாகப் போதும்.

ஆனால் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதைக் கேட்காமல் வாங்கினால் மற்ற எல்லா வேலையும் வீண். "ஏனுங்க, இது மருந்து போட்ட வலைங்களா, போடாததுங்களா?" மலேரியாத் தடுப்புக்கென்று பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லியை இழையிலேயே கலந்தோ மேலே பூசியோ செய்யும் வலைகள் இருக்கின்றன. பல முறை துவைத்தாலும் மருந்து நிற்க வேண்டும் என்றே செய்தவை அவை. அந்த வலையில் சருகுப்பை தைத்தால் உள்ளே நுழைகிற வால்துள்ளியும் உண்ணியும் செத்துப்போகும், 1.5 மி.மீ கண் வைத்தும் 0.1 மி.மீ கண்ணின் விடை வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மருந்தில்லாத வலை என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை மூடிய கண்ணாடிக் குவளையில் போட்டு, பத்துப் பதினைந்து எறும்பை விட்டு, பக்கத்தில் வலையில்லாத குவளையிலும் அதே அளவு விட்டு, ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது நெய்த வலையா, பின்னிய வலையா என்பது. பின்னியதில் கண் அறுகோணமாகவோ டைமன் வடிவிலோ இருக்கும். வெட்டினால் ஓரம் பிரியாது, அது வசதி. ஆனால் இழுத்தால் கண் விரியும். பத்துக் கிராம் சருகை அடைத்துப் பை உப்பி நிற்கும்போது உள்ள கண்ணும், மேசையில் விரித்து அளந்த கண்ணும் ஒன்றல்ல. இரண்டு நிலையிலும் அளந்து எழுத வேண்டும். நெய்த வலையில் கண் சதுரம், அளவு சீர். ஆனால் எச்டிபிஇ இழை வழவழப்பானதால் தையலில் பிடிப்பு இருக்காது, நூல் நழுவி ஓரத்தில் பெரிய ஓட்டை விழும். ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் மடித்துத் தைத்தால் நிற்கும்.

சூடு இந்த வலைக்கு ஆகாது. எச்டிபிஇ 130 டிகிரி வாக்கில் உருகும். 105 டிகிரி ஓவனிலேயே தளர்ந்து சுருங்கத் தொடங்கும். மண் மாதிரி உலர்த்தும் பழக்கத்தில் சருகுப்பையையும் 105இல் தள்ளிவிட்டால், பை சுருண்டு சருகைக் கவ்விக்கொள்ளும், பிரித்து எடுக்க முடியாது. சருகுக்கு 65 முதல் 70 டிகிரிதான் சரி. 48 மணி நேரம், எடை மாறாமல் நிற்கும் வரை. அதற்கு மேல் சூடு போனால் தழைச்சத்திலும் இழப்பு வரும். எப்படியும் சருகைப் பையிலிருந்து பிரித்துக் காகிதக் கவரில் போட்டு உலர்த்துவதே முறை.

வெயிலும் ஆகாது. கொசுவலை வீட்டுக்குள் தொங்குவதற்குச் செய்தது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் பெரும்பாலும் இருக்காது. வால்பாறைச் சோலைக்குள் நிழலில் கிடக்கும் பைக்கு இது பிரச்சினையே இல்லை. சத்தியமங்கலத்தின் வறண்ட இலையுதிர் காட்டில், மரம் மொட்டையாக நிற்கும் பிப்ரவரியிலிருந்து மே வரை தரையில் நேர் வெயில் விழும். அங்கே ஒரு கோடை தாண்டியதும் வலை மொறுமொறுப்பாகி, தூக்கும்போதே கிழிகிறது.

பசுமைக்குடில் பூச்சிவலை

அந்த வறண்ட காட்டுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். வெள்ளரியும் குடைமிளகாயும் போடும் நிழல்குடிலின் பக்கவாட்டில் கட்டுவது. வெயில் தாங்கும் சேர்மானம் போட்டே வருகிறது. '40 மெஷ்' என்பதுதான் எளிதாகக் கிடைக்கும். இஞ்சுக்கு நாற்பது இழை என்றால் 25.4ஐ 40ஆல் வகுத்து 0.635, இழை 0.24 மி.மீ இருந்தால் கண் 0.4 மி.மீ. ஆனால் பல ரோல்களில் அந்த நாற்பது ஒரு திசையில்தான். மறு திசையில் எண்ணிப் பார்த்தால் குறைவாக வரும், கண் நீள்சதுரமாக இருக்கும். தப்பில்லை, இரண்டு அளவையும் எழுதினால் போதும். மரவட்டையும் மண்புழுவும் நுழையாது, உண்ணியும் வால்துள்ளியும் நுழையும் என்கிற நடுத்தர நிலைக்கு நல்ல வலை. கடினமானது, மடிப்பு நிற்கும், தரையோடு படியாமல் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் எரிச்சல். நான்கு மூலையிலும் ஆணி அடித்தே ஆக வேண்டும்.

இந்த மூன்றும் போகக் கடையில் கிடைக்கும் வேறு இரண்டு வலைகளை ஒரு வரியில் ஒதுக்கிவிடலாம். நிழல்வலையின் கண்ணுக்கு நிலையான அளவே இல்லை. ஜன்னலுக்கு அடிக்கும் ஃபைபர்கிளாஸ் வலை உடைந்து கண்ணாடித் துகளைச் சருகில் கலக்கும், சாம்பல் கணக்கு கெட்டுவிடும்.

தைக்கக் கொடுக்கும்போது

20 செ.மீக்கு 20 செ.மீ பை என்றால் ஓரத்தையலோடு சேர்த்து 44க்கு 22 செ.மீ துண்டு வேண்டும். நூறு பைக்கு 9.7 சதுர மீட்டர். வெட்டுச் சேதாரத்தோடு 11 சதுர மீட்டர் வாங்கவும். எத்தனை பை என்பது திட்டத்தைப் பொறுத்தது. ஒரு மர இனம், மூன்று இடம், ஆறு முறை எடுப்பு, ஒவ்வொரு முறையும் இடத்துக்கு ஐந்து பை என்றால் 90. அதற்கு மேல் பத்துக்கு ஒன்று கூடுதலாகப் போட்டு வைத்தால்தான் பன்றி கிளறியதும் யானை மிதித்ததும் போகக் கணக்குக்கு மிஞ்சும். சத்தியமங்கலத்தில் பத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பவர் டேபிளுக்கு (தையல் யூனிட்டுக்கு) நூறு பை ஒரு மணி நேர வேலைகூட இல்லை. அவர்களிடம் மூன்று சொல்ல வேண்டும். நூல் பாலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் என்றால் வால்பாறையின் ஒரு தென்மேற்குப் பருவத்துக்குள் நூலே மட்கிப் பை வாய் பிளந்துவிடும். காட்டில் சருகைவிட முதலில் மட்கியது தையல் என்று எழுத வேண்டி வரும். நூல் எது என்று தெரியவில்லையா, ஒரு முனையைக் கொளுத்தினால் தெரிந்துபோகும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். இரண்டாவது, இஞ்சுக்கு எட்டுத் தையலுக்கு மேல் வேண்டாம். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் போல வலை அந்தக் கோட்டிலேயே கிழியும். மூன்றாவது, மூன்று பக்கம் மட்டும் தைத்து ஒரு வாயைத் திறந்து விட வேண்டும். சருகு போட்டபின் அந்த வாயைக் கொசுவலையாக இருந்தால் பாக்கெட் ஒட்டும் ஹேண்ட் சீலரால் ஒட்டிவிடலாம். மெஷ் என்றால் கையால் தைப்பதுதான் நிச்சயம். ஸ்டேப்ளர் பின் அடிப்பவர்கள் அடிக்கட்டும்; இரண்டு மழைக்குத் துருப்பிடித்து, துரு எடையும் இரும்புச்சத்தும் சருகில் ஏறும்.

பெரிய கண் வேண்டும், ஆனால் துண்டு கொட்டக்கூடாது என்கிறவர்களுக்கு ஒரு நல்ல வழி: மேல் பக்கம் கொசுவலை, அடிப்பக்கம் 43T மெஷ். மேலேயிருந்து பூச்சி நுழையும், பொடிந்த சருகு கீழே ஒழுகாது.

அடையாளத்துக்கு மார்க்கர் பேனா வேண்டாம், வெளுத்துவிடும். காகித அட்டையைக் கரையான் முதல் நாளே எடுத்துக்கொள்ளும். அலுமினியத் தகட்டை விரல் அகலத்துக்கு வெட்டி, எண் பஞ்சால் எண்ணைக் குத்தி, தூண்டில் நரம்பால் கட்டினால் பத்து வருடம் ஆனாலும் படிக்கலாம்.

பைக்குள் போவது

வலை எவ்வளவு நல்லதானாலும் உள்ளே போடும் இலை தப்பாக இருந்தால் பயனில்லை. மரத்திலிருந்து பச்சையாகப் பறித்த இலையைக் காயவைத்துப் போடக்கூடாது. இலையை உதிர்ப்பதற்கு முன்பே மரம் அதிலிருந்த தழைச்சத்து, மணிச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சையிலையில் அந்தச் சத்து அப்படியே இருப்பதால் நுண்ணுயிர் பாய்ந்து தின்னும், வேகம் கூடுதலாக வரும். உதிர்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை, மரத்தடியில் வலை விரித்து, புதிதாக விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும்.

காற்றில் ஒரு வாரம், பத்து நாள் உலர்த்தி, பைக்குப் பத்துக் கிராம். அதே குவியலிலிருந்து ஐந்து மாதிரி தனியாக எடுத்து ஓவனில் உலர்த்தி, காற்றில் உலர்ந்த பத்துக் கிராம் என்பது உண்மையில் எத்தனை கிராம் என்று திருத்திக்கொள்ள வேண்டும். டாப்சிலிப் தேக்கில் இன்னொரு தொல்லை: இலை பையைவிடப் பெரியது. துண்டாக்கினால் வெட்டிய ஓரம் வழியே தண்ணீரும் பூஞ்சையும் சுலபமாக ஏறும். மடித்துப் போட்டால் அடுக்குக்குள் ஈரம் தங்கும். பையை 30 செ.மீ ஆக்கி, நடு நரம்போடு ஒரே அளவாக வெட்டிய துண்டுகளைப் போடுவதுதான் இருப்பதில் மேல். வெட்டியதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதவும்.

காட்டுக்குப் போன அன்றே ஐந்து பையைத் தரையில் வைத்து எடுத்து, திரும்பக் கொண்டுவந்து எடை போட வேண்டும். வண்டிக் குலுக்கலில் மட்டும் எவ்வளவு கொட்டியது என்று அதில் தெரியும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியபின் கொசுவலைப் பையில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியும், 43T பையில் ஏறக்குறைய இல்லை. இதைச் செய்யாதவர்கள் ரோட்டில் கொட்டியதையும் மட்கிய கணக்கில் சேர்க்கிறார்கள்.

எடுத்து வரும்போது

ஒவ்வொரு பையும் தனிக் காகித உறையில். பாலித்தீனில் கட்டினால் ஊர் வருவதற்குள் பூசணம் பிடிக்கும். உள்ளே நுழைந்திருக்கும் சல்லிவேர்களைப் பிடுங்கிப் போட வேண்டும். சோலைக்காட்டில் ஆறு மாதப் பையில் பாதி வேராகவே இருக்கும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) இலையின் கட்டமைப்பில் பிணைந்த சத்து அல்ல, உப்பாகக் கரைந்தே இருப்பது. முதல் நல்ல மழையிலேயே பெரும்பகுதி கழுவிப் போய்விடும். சாம்பல்சத்தைக் கணக்கில் பிடிக்க நினைக்கிறவர்கள் முதல் எடுப்பை மூன்று மாதம் தள்ளி வைக்கக்கூடாது, முதல் மழைக்குப் பின் இரண்டு வாரத்திலேயே ஒன்று எடுக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து செல்சுவரில் பிடித்துக்கொண்டு கடைசிவரை இருக்கும். தழைச்சத்தோ நடுவில் கூடினாலும் கூடும். கரிமத்தோடு ஒப்பிடத் தழைச்சத்து குறைவாக உள்ள இலையைத் தின்னும் பூஞ்சை, பற்றாக்குறைக்கு வெளியிலிருந்து தழைச்சத்தை இழுத்து வரும். பையில் தழைச்சத்து கூடியிருக்கிறது என்று லேப் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை.

எடையைக் கெடுக்கிற பெரிய ஆள் கரையான். வறண்ட காட்டில் பையின் மேலும் உள்ளேயும் மண்ணைப் பூசிவிடும். துடைத்தாலும் முழுதும் போகாது. கொசுவலைப் பையில் இது மிக அதிகம், பூச்சிவலையில் குறைவு, பிரிண்டிங் மெஷ்ஷில் மேலே மட்டும். இதற்கு மருந்து சாம்பல் திருத்தம்தான். உலர்ந்த மாதிரியில் ஒரு கிராமை 550 டிகிரி மஃபிள் பர்னஸில் (சாம்பலாக்கும் உயர்வெப்ப உலையில்) நான்கு மணி நேரம் எரித்து, எரிந்துபோன பங்கு எவ்வளவு என்று பார்ப்பது. கணக்கு விளங்க ஒரு எடுத்துக்காட்டு: போட்டது 9.0 கிராம், ஒரு வருடம் கழித்துப் பையிலிருந்து வந்தது 4.0 கிராம். வந்ததில் எரியும் பங்கு நூற்றுக்கு 60, சுத்தமான சருகில் 90, அந்த இடத்து மண்ணில் 10 என்று வைத்துக்கொள்வோம். 60இலிருந்து 10ஐக் கழித்து, 90இலிருந்து 10ஐக் கழித்ததால் வகுத்தால் 0.625. ஆக 4.0 கிராமில் சருகு 2.5 கிராம்தான், மீதி ஒன்றரைக் கிராம் கரையான் கொண்டுவந்த மண்.

ஓல்சன் 1963இல் கொடுத்த அடுக்குச் சூத்திரத்தில் போட்டால், திருத்தாத எடைக்கு வருட வேக எண் (கூடினால் மட்குவது வேகம் என்று பொருள்) 0.81, சருகு பாதியாகப் பத்து மாதத்துக்கு மேல். திருத்திய எடைக்கு 1.28, பாதியாக ஆறரை மாதம். ஒரே பை, ஒரே காடு. மஃபிள் பர்னஸுக்குப் போகாமல் விட்டால் விடை மூன்றே முக்கால் மாதம் தள்ளிப்போகிறது.

நுண்கண் பைக்கும் பெருங்கண் பைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் பூச்சிகளின் வேலை என்று எழுதுவதும் சரியல்ல. 77T பை மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோடையில் வெளிச்சருகைவிட மெதுவாக உலரும். மட்கும் வேகத்தை ஈரமே மாற்றிவிடும். நுண்கண் பை போடுகிறவர்கள் அதே துணியில் பெரிய ஓட்டைகள் போட்ட பை சிலவற்றையும் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

தேயிலைப் பை முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2013இல் வெளியான அந்த முறையில் பச்சைத் தேயிலைப் பை ஒன்றையும் ரூய்போஸ் (தென்னாப்பிரிக்கச் செடியின் மூலிகைத் தேநீர்) பை ஒன்றையும் 8 செ.மீ ஆழத்தில் 90 நாள் புதைப்பார்கள். ஊருக்கு ஊர் ஒப்பிட நல்லது. ஆனால் குறிப்பிட்ட தயாரிப்பின் பையே வேண்டும். வால்பாறையில் எஸ்டேட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர்த் தூளைப் பொட்டலம் கட்டிப் புதைத்தால் அந்த எண்ணோடு ஒப்பிட முடியாது. அதோடு அது தேயிலை மட்கும் வேகம், நம் காட்டு மருதும் வேங்கையும் மட்கும் வேகம் அல்ல.

விழும் சருகை ஏந்தும் வலைத்தொட்டிலுக்குக் கொசுவலையை மிஞ்ச எதுவுமில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், நடுவில் 30 செ.மீ தொய்வு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அள்ளுவது. தொய்வு இல்லாமல் இழுத்துக் கட்டினால் காற்று வந்து சருகை அள்ளிக்கொண்டு போய்விடும். சத்தியமங்கலத்து முள்காட்டில் மட்டும் 40 மெஷ் பூச்சிவலை. வெள்வேலின் சிற்றிலை கொசுவலைக் கண் வழியே மழையாகக் கொட்டிவிடும். பிவிசி பைப்பில் சட்டம் செய்தால் யானை ஒரே மிதியில் நொறுக்கும். இரும்புக் கம்பியாக இருந்தால் வளைக்கும், நிமிர்த்திக்கொள்ளலாம்.

புலிகள் காப்பகத்துக்குள் பிளாஸ்டிக் வலை கொண்டுபோக அனுமதிக் கடிதத்தில் பைகளின் எண்ணிக்கையையும் எழுதி வாங்கவும். வைத்தது எத்தனை, எடுத்தது எத்தனை என்று ரேஞ்சர் கேட்டால் காட்ட வேண்டும். தீக்காலத்துக்கு முன் தீத்தடுப்புக் கோட்டுக்கு அருகே உள்ள பைகளை இடம் மாற்றிவிடலாம். தரைத்தீ ஓடினால் கொசுவலை உருகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

வாங்கும்போது இரண்டு வருடத்துக்கும் வேண்டியதை ஒரே லாட்டில் வாங்கிவிட வேண்டும். அடுத்த வருடம் அதே கடையில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கண் மாறியிருக்கும், கரூர் வலையில் இது சகஜம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் களக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தைத்து, பக்கத்தில் எண்ணிய இழையையும் கண் அளவையும் பில் தேதியையும் எழுதி வைக்கவும்.